ஆர்கானிக் கடையில எந்த செக்‌ஷன்ல எதைப் பாத்து வாங்கணும்

அமெரிக்கால நேச்சுரல் ஃபுட்ஸ் கடைக்குள்ள நுழைஞ்சாலே இங்க இருக்கறது எல்லாமே ஆர்கானிக்னு ஒரு நெனப்பு வந்துரும். அப்படி இல்லைங்க. ஒரே கடையில ஒரு செக்‌ஷன்ல சட்டம் ரொம்ப கறாரா இருக்கும், ரெண்டு வரிசை தள்ளிப் போனா சட்டமே இருக்காது, அதனால கடை பேர நம்பாம ஒவ்வொரு இடத்துலயும் தனித்தனியா பாக்கணும்.

மொதல்ல லேபிள். யூஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க விவசாயத் துறை குடுக்கற ஆர்கானிக் வட்ட முத்திரை இருந்தா, உப்பும் தண்ணியும் கழிச்சுட்டு மிச்சத்துல கொறஞ்சது 95 சதவீதம் ஆர்கானிக். "மேட் வித் ஆர்கானிக்"னு இருந்தா 70 சதவீதம் போதும், ஆனா முத்திரை போடக்கூடாது. அதுக்கும் கீழன்னா பின்னாடி இன்க்ரீடியன்ட்ஸ் லிஸ்ட்ல மட்டும் தான் அந்த வார்த்தை வரலாம். அதனால பாக்கெட்ட திருப்புங்க, கம்பெனி பேருக்குக் கீழ "சர்டிஃபைட் ஆர்கானிக் பை"னு போட்டு சிசிஓஎஃப், ஆரெகன் டில்த் மாதிரி சான்று குடுத்தவங்க பேர் இருக்கணும். சந்தேகமா இருந்தா யூஎஸ்டிஏவோட ஆர்கானிக் இன்டெக்ரிட்டி டேட்டாபேஸ்ல அந்த கம்பெனி பேர தேடிப் பாருங்க, யார் வேணா பாக்கலாம், காசு கெடையாது. நான்-ஜிஎம்ஓ பட்டாம்பூச்சி முத்திரைய பாத்து ஆர்கானிக்னு எடுத்துராதீங்க, அது மரபணு மாத்தாததுன்னு மட்டும் தான் சொல்லுது, என்ன மருந்து அடிச்சாங்கன்னு சொல்லாது.

காய்கறி பழத்துல ஸ்டிக்கர் நம்பர பாருங்க, 5 இலக்கம் இருந்து 9ல ஆரம்பிச்சா ஆர்கானிக், 4 இலக்கம்னா சாதாரணமா வெளஞ்சது. ஆர்கானிக் நெலம்னா அறுவடைக்கு முன்னாடி 3 வருஷம் தடை பண்ண உரமோ மருந்தோ போட்டிருக்கக் கூடாது. அதுக்காக மருந்தே அடிக்கலன்னு அர்த்தம் இல்ல, கந்தகம், சில தாமிர மருந்து எல்லாம் விதிக்குள்ள அனுமதி உண்டு, அதனால கழுவித்தான் சாப்பிடணும்.

பால், முட்டை, கறி செக்‌ஷன்ல தான் நிதானமா நிக்கணும், ஏன்னா முத்திரைக்கு இங்க தான் மதிப்பு ஜாஸ்தின்னு நான் நெனைக்கறேன். ஆர்கானிக் மாடுன்னா தீனி முழுக்க ஆர்கானிக், வருஷத்துல கொறஞ்சது 120 நாள் மேயணும், மேய்ச்சல் காலத்துல அது திங்கற தீனியில, ஈரத்த கழிச்சுட்டு கணக்கு பாத்தா, சராசரியா 30 சதவீதமாவது மேய்ச்சல்ல இருந்து வரணும், ஆன்டிபயாடிக் கூடாது, ஹார்மோன் கூடாது. மாட்டுக்கு சீக்கு வந்தா ஆர்கானிக் பேர் போயிரும்னு மருந்து குடுக்காம விடவும் கூடாது, வைத்தியம் பாத்தே ஆகணும், ஆன்டிபயாடிக் குடுத்தா அந்த மாட்ட அப்புறம் ஆர்கானிக்னு விக்க முடியாது, இந்த விதி எனக்கு ரொம்பப் புடிக்கும். கோழி பாக்கெட்ல "ஹார்மோன் இல்ல"ன்னு பெருசா போட்டிருப்பாங்க, அதுக்கு கூட காசு குடுக்காதீங்க, கோழிக்கு ஹார்மோன் குடுக்கறதே அங்க சட்டப்படி தடை, அந்த விஷயத்த லேபிள்லயே சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க பாருங்க. கறி மேல "நேச்சுரல்"னு இருந்தா செயற்கையா எதுவும் சேக்கல, ரொம்ப பதப்படுத்தலன்னு மட்டும் தான், பிராணிய எப்படி வளத்தாங்கன்னு அதுல ஒரு தகவலும் கெடையாது. முட்டையில "கேஜ் ஃப்ரீ"ன்னா கூண்டுல அடைக்கலன்னு அர்த்தம், வெளிய விட்டாங்கன்னு இல்ல.

மீன் பக்கம் "ஆர்கானிக்"னு பாத்தா அது யூஎஸ்டிஏ சான்று கெடையாது, மீனுக்கு அவங்க ஆர்கானிக் விதியே இன்னும் கொண்டு வரல. அங்க எங்க புடிச்சது, காட்டு மீனா பண்ணை மீனான்னு கேட்டு வாங்குங்க.

பருப்பு, அரிசி, நட்ஸ் எல்லாம் அள்ளிக்கற பல்க் டப்பாவுல ஒரு சிக்கல் இருக்கு, சில்லறையா விக்கற கடைக்கு பெரும்பாலும் தனியா சான்று வேண்டியதில்ல, ஆனா ஆர்கானிக்கும் மத்ததும் கலக்காம பாத்துக்கற பொறுப்பு கடைக்கு உண்டு. பக்கத்து டப்பா கரண்டி இதுல கெடந்தா அங்க அள்ளாதீங்க. வந்த மூட்டைய காட்டச் சொல்லிக் கேக்கலாம், தப்பே இல்ல, 2024 மார்ச்ல அமலுக்கு வந்த புது விதிப்படி மொத்த மூட்டை மேலயும் ஆர்கானிக்னு அடையாளம் இருக்கணும், எங்க இருந்து வந்துச்சுன்னு புடிக்கற மாதிரி லாட் நம்பரோ வேற விவரமோ இருக்கணும்.

கடைசியா சோப்பு, க்ரீம், மாத்திரை வரிசை. பேர்ல "ஆர்கானிக்ஸ்"னு இருந்தாலும் முத்திரை இருக்கான்னு தான் பாக்கணும். சத்து மாத்திரைய பொறுத்தவரை விக்கறதுக்கு முன்னாடி எஃப்டிஏ, அதாவது உணவு, மருந்த கண்காணிக்கற அமெரிக்க அரசு அமைப்பு, அப்ரூவ் பண்றதில்ல, 1994 சட்டத்துல இருந்து அப்படித்தான் போகுது, அதனால யூஎஸ்பி வெரிஃபைட் மாதிரி வெளி ஆள் சோதிச்ச முத்திரை இருக்கறத எடுங்க, அது டப்பா மேல போட்ட பொருள் போட்ட அளவுல உள்ள இருக்கான்னு பாத்து குடுக்கறது. ஏற்கனவே வேற மருந்து சாப்பிடறவங்க வாங்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயோ ஃபார்மசிஸ்ட்கிட்டயோ அந்த டப்பாவ காட்டிருங்க.