பிட்புல், ராட்வீலர் பேச்சு எடுக்கும்போது சண்டை வராம இருக்க

2024 மே மாசம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவுல ரெண்டு ராட்வீலர் நாய்ங்க அஞ்சு வயசு குழந்தைய கடிச்சப்ப எங்க சொந்தக்காரங்க வீட்ல ஒரே ரகளை, ஒரு பக்கம் எல்லாத்தையும் கொல்லணும்ங்கறாங்க இன்னொரு பக்கம் எங்க நாய் பச்சப்புள்ளைங்கறாங்க.

நான் கத்துக்கிட்டது என்னன்னா முதல்ல கடிபட்டவங்கள பத்தி பேசுங்க, நாயோட பெருமை அப்புறம். அத விட்டுட்டு "வளர்ப்பு தான் காரணம்"னு ஆரம்பிச்சீங்கன்னா எதிர்ல இருக்கறவங்க காதே குடுக்க மாட்டாங்க. வளர்ப்பு முக்கியம்தான், ஆனா அந்த சைஸ் நாய் கடிச்சா காயம் பெருசுதானே, அதையும் ஒத்துக்கணும்ல.

அடுத்து, "தடை பண்ணிட்டாங்க தெரியுமா"ன்னு யாராச்சும் சொன்னா எந்த உத்தரவு, இப்ப நடைமுறையில இருக்கான்னு கேளுங்க. 2024 மார்ச்ல மத்திய அரசு பிட்புல், ராட்வீலர் மாதிரி 23 நாய் இனத்துக்கு தடை போட சொல்லி மாநிலங்களுக்கு சுற்றறிக்கை அனுப்புச்சு, ஏப்ரல்லயே கர்நாடகா ஹைகோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. பாதி சண்டை பழைய செய்திய வச்சுதான்!

போட்டோ பாத்து "இது பிட்புல்"னு அடிச்சு சொல்லாதீங்க, கலப்பு நாய்ங்கள கண்ணால பாத்து இனம் சொல்றது கால்நடை டாக்டருங்களுக்கே தப்பும்.

இனத்த விட்டுட்டு கயிறு இருந்துச்சா, வாய்மூடி போட்டிருந்தாங்களா, கூட யாரு இருந்தாங்கன்னு கேட்டா பேச்சு தானா உருப்படியா போகும். எங்க மாமா மட்டும் இன்னும் மாறல.