சுகர் இறங்கினால் கலர் தேடாதீர்கள், பொட்டலத்தைப் பிரியுங்கள்

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் சுகர் இறங்கிப் படபடப்பு, கைநடுக்கம், ஜில்லென்று வேர்வை வந்தால் பெட்டிக்கடையில் ஒரு கலர் வாங்கிக் குடிப்பதுதான் நம் பக்கத்துப் பழக்கம். காற்றடைத்த குளிர்பானத்துக்கு இப்போது 40 சதவீத ஜிஎஸ்டி. விலை கூடப் பரவாயில்லை. கம்பெனிகள் சத்தமில்லாமல் சர்க்கரையைக் குறைப்பதுதான் வம்பு. பிரிட்டனில் 2018-ல் சர்க்கரைப் பானங்களுக்குத் தனி வரி வரும் முன்பே ஒரு பிரபல பானத்தில் பாதிச் சர்க்கரை போய்விட்டது. பழைய அளவைக் குடித்தால் பாதி மருந்துதான். ‘ஜீரோ’, ‘டயட்’ பாட்டிலில் அதுவும் கிடையாது.

தேவை 15 கிராம் சர்க்கரை. மளிகைக்கடைத் தராசு 15 கிராமைச் சரியாகக் காட்டாது. 150 கிராம் குளுக்கோஸ் பவுடர் நிறுத்து வாங்கி, வீட்டில் 10 பங்காக்கி, ஜிப் கவரில் போட்டு ஒட்டுங்கள். சட்டைப்பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று. வேர்வையிலும் மழையிலும் கட்டிதட்டும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பவுடர் இல்லையென்றால் வெள்ளைச் சர்க்கரை, தலைதட்டிய தேக்கரண்டியில் 4. ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு வெள்ளைச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரை குடலில் சர்க்கரை உடைவதைத் தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ்தான்.

சுகர் பார்க்கும் மெஷினில் 70-க்குக் கீழே வந்தால் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு பொட்டலம் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொன்று. பயத்தில் மூன்று பொட்டலம் ஒரேயடியாகப் போட்டால் சுகர் தேவைக்கு மேல் எகிறிவிடும். குழந்தைக்கு எடைக்கணக்கு: கிலோவுக்கு 0.3 கிராம், 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம்.

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் ஒரு கோளாறு உண்டு. பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால், தோலில் ஒட்டிய சாறு மெஷினுக்கு 180 என்று காட்டும். உள்ளே 60 இருக்கலாம். கையைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். அறிகுறி இருந்தும் மெஷின் கையில் இல்லையா? பார்க்கக் காத்திருக்க வேண்டாம், குடித்துவிடுங்கள்.

சாக்லேட், பிஸ்கட் உடனடி வைத்தியம் ஆகாது. கொழுப்பு செரிமானத்தை இழுத்தடிக்கும். ராகிக் களியும் அப்படியே, மெதுவாகத்தான் ஏறும். ஆனால் 70-ஐத் தாண்டிய பிறகு அதே களி ஒரு கை உருண்டை நல்ல காவல், அடுத்த சாப்பாடு தள்ளிப்போகுமானால் கட்டாயம்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைக்காரர்களுக்குச் சரியான பிறகும் சுகர் மறுபடி இறங்கும். அன்றே மருத்துவரைப் பாருங்கள், அன்றிரவு தனியே படுக்க விடாதீர்கள்.

வண்டி ஓட்டுபவர்கள் தொப்பூர் கணவாயில் ‘இறக்கம் முடியட்டும்’ என்று இழுக்காமல், ஒதுக்க இடம் கிடைத்த உடனே நிறுத்துங்கள். அளவு சரியானதும் 45 நிமிடம் கழித்தே திரும்ப ஸ்டார்ட் செய்யலாம். மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.