சிவப்புக் காலனியைக் கண்டதும் பெயர் எழுதிவிடாதீர்கள்: பாக்டீரியா நிறமி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணுயிரியல் மாணவர்கள் ஆய்வுத் திட்டத்துக்கு நிறமி உண்டாக்கும் பாக்டீரியாவை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். செலவு குறைவு, பலன் கண்ணெதிரே தெரியும். நல்ல தேர்வுதான். ஆனால் கண்ணெதிரே தெரிகிறது என்பதாலேயே அவசர முடிவுகளும் இந்தத் துறையில் அதிகம்.

வளர்ப்புத் தட்டில் சிவப்புக் காலனி (ஒன்றாய்ப் பெருகிய செல்களின் திட்டு) வளர்ந்ததும், சிவப்பு நிறமிக்குப் பெயர்போன பாக்டீரியாவான "செராஷியா மார்செசென்ஸ்" என்று குறிப்பேட்டில் எழுதுவது அவற்றுள் முதன்மையானது. இளஞ்சிவப்புக் காலனி மெத்திலோபாக்டீரியம் என்ற வேறொரு பாக்டீரியாவாக இருக்கலாம். ரோடோடோருலாவாகவும் இருக்கலாம், அது பாக்டீரியாவே அல்ல, ஈஸ்ட். பாக்டீரியாக்களை வகைபிரிக்க உதவும் 'கிராம்' (Gram) சாயமேற்றம் செய்து நுண்ணோக்கியில் பார்த்தாலே ஈஸ்ட்டின் பெரிய செல்களும், செராஷியாவின் இளஞ்சிவப்பாகத் தெரியும் சிறு கிராம்-நெகட்டிவ் கோல்களும் பிரிந்து தெரிந்துவிடும். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. காலனியைச் சுரண்டி எத்தனாலில் கலக்கி, நிறம் இறங்கியதும் தெளிந்த திரவத்தை இரண்டு சோதனைக் குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் ஒரு சொட்டு அமிலம், மற்றதில் ஒரு சொட்டுக் காரம். செராஷியாவின் நிறமியான புரோடிஜியோசின் அமிலத்தில் ரோஜாச் சிவப்பாகவும் காரத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் மாறும். கேரட்டில் இருப்பது போன்ற கரோட்டினாய்டு நிறமிகள் இப்படி மாறுவதில்லை. ஆனாலும் வேறு சில பாக்டீரியாக்களும் புரோடிஜியோசின் வகை நிறமிகளை உண்டாக்குவதால், இனத்தின் பெயரை உறுதிசெய்ய உயிர்வேதியியல் சோதனைகளோ, பாக்டீரியாக்களை இனங்காணப் பயன்படும் 16எஸ் மரபணுவின் வரிசையோ தேவைப்படும்.

இதன் மறுபக்கமும் தவறுதான்: சிவப்பு வரவில்லை, அதனால் செராஷியா இல்லை என்பது. இந்தப் பாக்டீரியா 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சிவக்கும். வழக்கப்படி இன்குபேட்டரை 37 டிகிரியில் வைத்தால் வளர்ச்சி இருக்கும், நிறம் பெரும்பாலும் இருக்காது. கல்சர் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிவதற்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள். நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்படும் செராஷியாக்களில் பல எந்த வெப்பநிலையிலும் நிறமற்றவையே.

பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகமும் முக்கியம். வழக்கமான திரவ ஊடகமான நியூட்ரியன்ட் பிராத்தில் நிறம் மங்கலாக வந்தால் பாக்டீரியாவைக் குறைசொல்ல வேண்டாம். பொடித்த வேர்க்கடலையில் தயாரித்த ஊடகம் 28 டிகிரியில் பல மடங்கு நிறமி தருகிறது என்று சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள்.

அளப்பதில் நடக்கும் தவறு வெளியே தெரியாது, அதனால்தான் எனக்கு அதைப் பற்றி அதிகக் கவலை. புரோடிஜியோசினை அமிலமாக்கிய ஆல்கஹாலில் 535 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டி அளப்பது வழக்கம். அமிலம் சேர்க்காமல் அளந்தால் நிறமியின் ஒரு பகுதி மஞ்சள் வடிவில் இருந்துவிடும், எண் குறையும். நாளைக்கு அளந்தால் வேறு எண் வரும். அதைவிடப் பெரிய பிழை, "இந்த ஊடகம் நிறமியைக் கூட்டியது" என்ற முடிவு. ஒரு மில்லிலிட்டரில் நிறம் கூடியது என்றால் ஒவ்வொரு செல்லும் அதிக நிறமி உண்டாக்கியிருக்கலாம், அல்லது செல்களே அதிகமாகப் பெருகியிருக்கலாம். செல்களின் உலர் எடையையும் சேர்த்துக் கணக்கிடாதவரை இரண்டில் எது என்று சொல்ல முடியாது. செல்களின் அளவை அறிய திரவத்தின் கலங்கலை 600 நானோமீட்டரில் அளந்து தப்பிக்கவும் முடியாது. அடர்ந்த நிறமி அந்த அளவீட்டையும் குழப்பும்.

செராஷியா ஆபத்தில்லாதது என்ற நம்பிக்கை பழையது. தீங்கற்றது, சிவப்பு நிறத்தால் பின்தொடர எளிதானது என்று கருதித்தான் 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை இதை சான் பிரான்சிஸ்கோ நகரின் மீது தெளித்துச் சோதித்தது. அதையடுத்து அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்கு செராஷியா தொற்று கண்டறியப்பட்டது, ஒருவர் இறந்தார். தெளிப்புதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு இது ஆபத்தான கிருமி என்பதில் இன்று ஐயமில்லை. தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வேலை முடிந்ததும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யாமல் எதையும் கொட்டாதீர்கள்.

"இயற்கை நிறமி, ஆகவே பாதுகாப்பானது" என்ற வரியும் ஆய்வறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற நோய்க்கிருமி உண்டாக்கும் நீலநிற பயோசயனினும் இயற்கையானதுதான். அது நம் செல்களைச் சேதப்படுத்தும் நச்சு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் பொன்னிறம் நம் வெள்ளணுக்கள் வீசும் ஆக்சிஜன் நச்சுகளிலிருந்து அந்தக் கிருமியைக் காக்கிறது. பாக்டீரியா தன் பிழைப்புக்காகவே நிறமியை உண்டாக்குகிறது. அதேபோல், கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்கள் இறந்ததை வைத்து "புற்றுநோய் மருந்து" என்று தலைப்பிடாதீர்கள். இயல்பான செல்கள் அதே அளவு நிறமியில் பிழைக்கின்றனவா என்பதையும் காட்ட வேண்டும்.

புரோடிஜியோசினால் துணிக்குச் சாயமேற்றுபவர்கள் முதல்நாள் நிறத்தைப் படமெடுத்து அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். சாயமேற்றிய துணியின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வைத்து, சில நாள் கழித்துத் தாளை எடுத்துப் பாருங்கள். புரோடிஜியோசின் ஒளியில் வெளுக்கக்கூடியது. எவ்வளவு வெளுத்தது என்பதை அந்த எல்லைக்கோடே காட்டிவிடும். துவைத்துப் பார்த்த முடிவையும் சேர்த்து எழுதுங்கள்.

உணவுக்கு நிறமேற்றுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஸ்பைருலினா என்ற சிற்றுயிரின் நீல நிறமியான ஃபைகோசயனின் அமெரிக்காவில் 2013-இல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அனுமதி பெற்றது. அந்தச் சிற்றுயிர் பாசி என்று அழைக்கப்பட்டாலும் பாக்டீரியாதான். அதன் நிறமி புரதத்தோடு பிணைந்திருப்பதால் கொதிக்கும் பாகில் கலந்தால் புரதம் குலைந்து நீலம் போய்விடும். பாகு ஆறிய பிறகு, இறுதியில் சேருங்கள்.