அனுப்பிய படைப்புகளுக்கு ஒரு பதிவேடு

மட்டக்களப்பில் இருந்துகொண்டு கொழும்பு வார இதழ்களுக்கும் யாழ்ப்பாணச் சிற்றிதழ்களுக்கும் ஒரே காலத்தில் எழுதுபவர், எந்தப் படைப்பு எங்கே கிடக்கிறது என்பதை நினைவில் மட்டும் வைத்திருப்பது நடவாத காரியம். ஒரு சீ.ஆர். கொப்பியோ கூகுள் ஷீட்டோ போதும். ஒரு படைப்புக்கு ஒரு வரி.

"வட்டைக் காவல், சிறுகதை, 1,400 சொற்கள், மார்ச் 3, ஞாயிறு இதழ், மின்னஞ்சல், பாமினி" என்று எழுதலாம். கடைசிச் சொல்லை விட்டுவிடக் கூடாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை, ஒருங்குறியில் (யூனிகோட்) கேட்கும் இதழுக்கு அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை முழுவதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். பதிவுத் தபாலாயின் பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

நிராகரிப்பைப் பல இதழ்கள் தெரிவிப்பதில்லை. ஆகவே மூன்று மாதம் என நீங்களே கெடு வைத்து, அது கடந்ததும் படைப்பைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிய பின்னரே வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையேல் ஒரே கதை இரண்டு இதழ்களில் வெளிவந்து, இரு ஆசிரியர்களுக்கும் முகங்கொடுக்க முடியாமற் போகும்.

சன்மானத்துக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும், பெரும்பாலும் அது வெறுமையாகவே இருந்தாலும். வெளிவந்த இதழின் பெயரையும் திகதியையும் உடனே குறித்துவிடுங்கள். பின்னாளில் தொகுப்புப் போடும்போது அவை தேவைப்படும்.