பிரான்ஸ் கிராமத்து தேவாலயத்தின் வரலாற்றைச் சுவரிலேயே படிப்பது எப்படி?

பிரான்ஸில் கிராமம் கிராமமாகச் சுற்றினால் ஒரு பழைய கல் தேவாலயமாவது கண்ணில் படாமல் போகாது. வாசல் பலகையில் '12ஆம் நூற்றாண்டு' என்று எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் ஏதோ ஒரு பகுதிக்குத்தான் அந்த வயது, மிச்சமெல்லாம் இடிந்ததும் இடித்ததும் ஒட்டுப்போட்டதும். அதனால் எப்போது கட்டினார்கள் என்று கேட்காமல், எதற்குப் பிறகு எது வந்தது என்று கேளுங்கள்.

உள்ளே போகும் அவசரம் வேண்டாம், முதலில் வெளியே ஒரு சுற்று. பலிபீடம் இருக்கும் கிழக்குக் கோடியில் தொடங்குங்கள், பெரும்பாலும் கட்டுமானமும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். கல் வரிசைகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று சேராமல் மேலிருந்து கீழாக நேர்கோடு போல ஒரு பிளவு தெரிந்தால், அங்கே ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. பழைய வீட்டோடு புது அறை சேர்த்தால் சுவரில் தெரியுமே, அதே கதைதான். மணிக்கோபுரச் சுவரில் சாய்வாக ஒரு தழும்பு இருந்தால் முந்தைய கூரை அந்த உயரத்தில் முட்டி நின்றது என்று அர்த்தம். வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அவை கொத்தனார்கள் சாரம் கட்டிய துளைகள்.

இங்கே நிறையப் பேர் சறுக்குவது ஒரு விஷயத்தில்: அரைவட்ட வளைவு என்றால் ரோமனெஸ்க் (11, 12ஆம் நூற்றாண்டுக் கட்டடப் பாணி), கூர் வளைவு என்றால் கோதிக் (அதற்கு அடுத்து வந்த பாணி) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். கிழக்கு பிரான்ஸில் இருக்கும் பர்கண்டி பக்கம் போனால் இது எடுபடாது. அங்கே 1088இல் வேலை தொடங்கிய க்ளூனி மடாலயத்தின் பெரிய தேவாலயம் ரோமனெஸ்க்தான், ஆனால் அதிலேயே கூர் வளைவுகள் உண்டு.

க்ளூனிக்கு அருகிலேயே ஷாபேஸ் என்ற சின்னக் கிராமம். அங்குள்ள புனித மார்ட்டின் தேவாலயம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, கோபுரம் சுமார் 35 மீட்டர், ஊரின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயரம். உள்ளே நடுக்கூடத்தில் நின்று பருமனான உருண்டைத் தூண்களைப் பாருங்கள், வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். கல்கூரையின் பாரம் நேராகக் கீழே இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும், அதுவும் அரைவட்டக் கூரை அதிகமாகவே தள்ளும். தூண்களைச் சாய்த்த அந்தப் பழைய அரைவட்டக் கூரையை 12ஆம் நூற்றாண்டில் மாற்றிக் கூர் வளைவாகக் கட்டினார்கள். அதில் பக்கவாட்டுத் தள்ளல் குறைவு. கூரை ஒரு நூற்றாண்டு, தூண் ஒரு நூற்றாண்டு, சாய்வு இரண்டுக்கும் நடுவே நடந்ததைச் சொல்கிறது!

அப்புறம் சுண்ணாம்பு. வெள்ளையடித்த சுவர் வெறும் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. நடு பிரான்ஸின் பெரி பகுதியில் விக் என்ற ஊர்த் தேவாலயத்தில் சுண்ணாம்புக்கு அடியில் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருந்ததை 1849இல்தான் ஊர்ப் பாதிரியார் கண்டுபிடித்தார். சில தேவாலயங்களில் சுவரைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை மங்கலாகத் தெரியும், நடுநடுவே குலச்சின்னங்களோடு. அது உள்ளூர்ப் பிரபு இறந்தபோது துக்கத்துக்குத் தீட்டியது.

காகித வேலைக்கு அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் இணையதளம் போதும். நெப்போலியன் காலத்து நில வரைபடத்தை எடுத்து, அதில் தேவாலயத்தின் வடிவம் இன்றைய வடிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரைபடத்துக்குப் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். காப்பகத்தில் நகராட்சி வேலைகள் பற்றிய, 'O' என்ற எழுத்திட்ட வரிசைக் கோப்புகளில் மதிப்பீடும் வரைபடமும் கிடைக்க வாய்ப்புண்டு.

கதவு பூட்டியிருந்தால் மேரி எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் சாவி கேளுங்கள். அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டம் வந்த 1905க்கு முந்தைய ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் ஊருக்கே சொந்தம். சின்ன ஊர்களில் அந்த அலுவலகம் வாரத்தில் சில மணி நேரமே திறந்திருக்கும், முதலில் போன் போட்டுவிட்டுப் போங்கள். போகிற நேரம் காலையோ மாலையோ இருக்கட்டும், சாய்ந்த வெயிலில்தான் கல் இணைப்புகள் எடுப்பாகத் தெரியும்.