டிஎஃப்டி கணக்கீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் வரம்பின் அகலம்) அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு பொருளின் பண்புகளைக் கணக்கிடும் டிஎஃப்டி (அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) முறையில், பிபிஇ என்ற தோராயத்தை வைத்துக் கணக்கிட்டால் 0.6 அளவில்தான் வரும். உடனே வெட்டாற்றலை (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் உச்சவரம்பு) கூட்டி, கே-புள்ளிகளை (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிடும் மாதிரிப் புள்ளிகள்) நெருக்கமாக்கி, கணினியை இரவெல்லாம் ஓட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. விடை அசையாது.

எண்ணியல் பிழை வேறு, கோட்பாட்டுத் தோராயத்தின் பிழை வேறு. முன்னது கணினி நேரத்தைச் செலவிட்டால் குறையும். பின்னது குறையாது. 1965இல் வந்த கோன்-ஷாம் சமன்பாடுகள் தாழ்நிலை அடர்த்தியையும் ஆற்றலையும் தருவதற்காக அமைந்தவை. அவற்றின் ஆற்றல் மட்ட வேறுபாட்டை அப்படியே ஆற்றல் இடைவெளியாகக் கொள்ள முடியாது. இடைவெளிதான் வேண்டுமென்றால் இதைவிடச் செலவான எச்எஸ்இ06 அல்லது ஜிடபிள்யூ முறைக்குப் போக வேண்டும்.

நிக்கல் ஆக்சைடு இன்னும் கடுமையான பாடம். எலக்ட்ரான் சுழற்சியை (ஸ்பின்) கணக்கில் சேர்க்க மறந்தால், இந்த மின்காப்பான் உலோகமாகத் தெரியும். அடுத்தடுத்த நிக்கல் அடுக்குகளின் காந்தத் திருப்புத்திறன்களை எதிரெதிராக வைத்தால் இடைவெளி திறக்கும். ஆனால் பிபிஇயில் அது 1 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான், சோதனையிலோ ஏறத்தாழ 4. இங்கே, ஒரே அணுவிலுள்ள எலக்ட்ரான்களின் விலக்கத்தைக் கணக்கில் கூட்டும் ‘யு’ திருத்தத்தைச் சேர்ப்பது நியாயமே. சோதனை மதிப்பு வரும்வரை ‘யு’வைத் திருகிவிட்டு, ‘எங்கள் கணக்கீடு சோதனையோடு பொருந்துகிறது’ என்று எழுதுவது நியாயமல்ல. பொருத்திய எண்ணைக் கணித்த எண் என்று சொல்லக் கூடாது.

எண்ணியல் பிழையைச் சோதிக்கும்போது, உங்களுக்குத் தேவையான இயற்பியல் அளவையே வைத்துச் சோதியுங்கள். மொத்த ஆற்றல் நிலைத்துவிட்டாலும் தகைவு (ஸ்ட்ரெஸ்) நிலைத்திருக்காமல் போகலாம். அலுமினியம், செம்பு போன்ற உலோகங்களுக்குக் குறைகடத்திகளைவிட நெருக்கமான கே-புள்ளிகள் தேவை. அலகையும் பாருங்கள்: குவாண்டம் எஸ்பிரெசோ என்ற நிரல் வெட்டாற்றலை ரைட்பெர்க்கில் கேட்கும், வாஸ்ப் என்ற நிரல் எலக்ட்ரான் வோல்ட்டில் கேட்கும், 1 ரைட்பெர்க் 13.6 எலக்ட்ரான் வோல்ட். வெவ்வேறு சூடோபொட்டென்ஷியல்களில் (அணுக்கருவையும் உள் எலக்ட்ரான்களையும் சேர்த்துப் பதிலீடு செய்யும் எளிய மாதிரி) கிடைத்த மொத்த ஆற்றல்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே கூடாது.

கிராஃபைட் போன்ற அடுக்குப் பொருள்களில் வான் டெர் வால்ஸ் (அணுக்களிடையேயான பலவீனமான ஈர்ப்பு) திருத்தம் இல்லாத பிபிஇ, அடுக்குகளைக் கிட்டத்தட்ட பிணைப்பதே இல்லை. பிபிஇக்கு முந்தைய பழைய எல்டிஏ தோராயம், அடுக்குகளுக்கு இடையிலான சரியான தூரத்தை ஒட்டிய விடை தரும். அது பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் வந்தது. வான் டெர் வால்ஸ் விசை எல்டிஏவிலும் இல்லை. அதை நம்பி வேறொரு அடுக்குப் பொருளுக்கு எல்டிஏவை எடுத்துச் செல்லாதீர்கள்.