அலுவலகம் முடிந்தபின் கைப்பேசியை இறக்கி வைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

நான் முதன்முறை முயன்றபோது, ஒரு சனிக்கிழமை மாலை கைப்பேசியை அணைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை தண்ணீர் லாரிக்காரர் தெருமுனையில் நின்றபடி மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு, வேறு வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போய்விட்டார். அலாரமும் அந்தக் கைப்பேசியில்தான் இருந்ததால், அவர் வந்துபோனதே எனக்கு எட்டரை மணிக்குத்தான் தெரிந்தது. அந்தக் கருவி கடிகாரமாகவும் பணப்பையாகவும் டார்ச் விளக்காகவும் வாசல் மணியாகவும் வேலை பார்க்கும்வரை அதை விலக்கி வைக்க முடியாது என்பதைப் பக்கெட் பக்கெட்டாகக் கடன் வாங்கிய தண்ணீரில் கற்றுக்கொண்டேன். ஆகவே இந்தச் செய்முறை கைப்பேசியை அணைப்பதில் தொடங்குவதில்லை.

முதல் படி: அதன் வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள்

ஒரு தாளில், மாலை ஏழு மணிக்குமேல் கைப்பேசியை எதற்கெல்லாம் எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப் பொருள் தேவை. அலாரத்துக்கு, ஒற்றை பென்சில் செல்லில் ஓடும் சாதாரண மேசைக் கடிகாரம் போதும். வாங்கும் முன் காதருகே வைத்துப் பாருங்கள், ஏனெனில் நான் வாங்கியது போட்ட ‘டிக் டிக்’ சத்தத்தில் முதல் இரண்டு இரவுகள் தூங்கவே இல்லை. இப்போது அது சமையலறை அலமாரியில், ஒரு துண்டின் மேல் இருக்கிறது. காலையில் அதை நிறுத்த எழுந்து நடக்க வேண்டியிருப்பது எதிர்பாராத லாபம். மளிகைக் கடைக்கும் பூக்காரம்மாவுக்கும் கொடுக்கப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களை வாசல் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மின்தடைக்கு ஒரு டார்ச். பாட்டுக்கும் செய்திக்கும் ஒரு சிறிய வானொலிப் பெட்டி, சென்னையில் 101.4-இல் எஃப்.எம். ரெயின்போ கிடைக்கும்.

இரண்டாம் படி: அவசர அழைப்புக்கு மட்டும் வழி விடுங்கள்

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உள்ள, அழைப்பு மணியையும் அறிவிப்புச் சத்தங்களையும் அடக்கி வைக்கும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ வசதியை இரவு எட்டு முதல் காலை ஆறு வரை தானாக இயங்கும்படி அமையுங்கள். அதன் உள்ளே, குறிப்பிட்ட சில எண்களுக்கு விலக்கு அளிக்கும் இடத்தில் அம்மா, அப்பா, பக்கத்து வீடு, வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருபவர் ஆகியோரைச் சேர்த்துவிடுங்கள். அடுத்தடுத்து அழைப்பவரை அனுமதிக்கும் அமைப்பும் அங்கேயே இருக்கிறது. ஒரே எண்ணிலிருந்து ஆண்ட்ராய்டில் 15 நிமிடங்களுக்குள்ளும், ஐபோனில் 3 நிமிடங்களுக்குள்ளும் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி ஒலிக்கும். உறவினர்களிடம் “அவசரம் என்றால் இரண்டு தரம் கூப்பிடுங்கள்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களை எப்போதைக்குமாக மியூட் செய்துவிடலாம். யாருக்கும் தெரியாது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் படி: அலுவலகத்தோடு பேசி முடியுங்கள்

எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்வது சட்டப்படியான உரிமையாக இருக்கிறது. நம் மக்களவையில் இதற்கான தனிநபர் மசோதாவை எம்.பி. சுப்ரியா சுலே கொண்டுவந்தார் என்றாலும், அது சட்டமாகவில்லை. எனவே மேலாளரிடம் நாமேதான் பேச வேண்டும். நம் இரவு ஒன்பதரை மணி நியூயார்க்கில் கோடைகாலத்து நண்பகல் என்பதால், சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. நிறுவனங்களில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்பவர்கள் எல்லா இரவுகளையும் கேட்டுப் பெற முடியாது. வாரத்தில் மூன்று இரவுகளைக் கேளுங்கள். “செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நாள்களில் எட்டு மணிக்குமேல் செய்திகளைக் காலையில்தான் பார்ப்பேன், அவசரம் என்றால் அழையுங்கள்” என்று எழுத்தில் அனுப்புவது நல்லது. மன்னிப்புக் கேட்கும் சொற்கள் அதில் வேண்டாம். உங்கள் நிறுவனம் ஆண்ட்ராய்டில் ‘வொர்க் ப்ரொஃபைல்’ அமைத்திருந்தால், பெட்டிச் சின்னம் போட்ட அலுவலகச் செயலிகள் அனைத்தையும் ஒரே சுவிட்சில் நிறுத்தி வைக்கலாம்.

நான்காம் படி: சார்ஜரை இடம் மாற்றுங்கள்

படுக்கையறையிலிருந்து எடுத்து, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே உள்ள பிளக்கில் மாட்டுங்கள். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே கைப்பேசியும் தங்கட்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஐந்தாம் படி: சிறு இடைவெளிகளைக் கவனியுங்கள்

ஓய்வான ஒரு மணி நேரத்தை எப்படியாவது நிரப்பிவிடலாம். ஞாயிறு மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்திலிருந்து வேளாங்கண்ணி மாதா கோயில் வரை நடந்து திரும்பலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்காரலாம். கைப்பேசி உள்ளே நுழைவது பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில்தான். முதல் வாரம் அடுப்பருகே நின்றபோதெல்லாம் என் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது. அந்த நேரத்தில் வேறு எதையும் செய்ய முயல வேண்டாம். பாலின் ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் ஆடை சுருங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாலே போதுமானது. எனக்குப் பத்தாம் நாளில் கை அடங்கியது. உங்களுக்கு முன்பின் ஆகலாம்.

கை அடங்காதவர்கள், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் உள்ள ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பக்கத்தில் ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைக்கலாம். நேரம் முடிந்ததும் அதன் சின்னம் சாம்பல் நிறமாகி, நள்ளிரவு வரை செயலி திறக்காது. அதே பக்கத்தில் வரம்பை நீக்கவும் முடியும் என்பதால், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

கடைசியாக, சார்ஜர் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். அந்தப் பழைய படத்தில் நடித்தவர் யார், மழை எப்போது விடும், வாஷிங் மெஷின் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று இரவில் தேடத் தோன்றுவதையெல்லாம் அதில் எழுதிவிட்டுப் படுங்கள். காலையில் காபி குடித்தபின் அந்தத் தாளைப் பார்த்து, இன்னும் தேவைப்படுவதை மட்டும் தேடுங்கள். நேற்று நான் எழுதியிருந்தவற்றில் வாஷிங் மெஷின் மட்டும்தான் மிஞ்சியது.